கௌசல்யாவுக்கு மட்டும் நாற்பது கிலோ

கௌசல்யா சுவரில் ஒட்டியிருந்த தன் பயிற்சித் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தாள். செலோடேப்போடு ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. தாளை நிதானமாக இரண்டாகக் கிழித்தாள். கீழே போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“எல்லாருக்கும் அறுபது, எழுபது. ஷபானாவுக்கு எழுபத்தஞ்சு. எனக்கு மட்டும் நாப்பது. நான் இன்னா மிஸ், நோயாளியா?”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதற்குள் சூடேறத் தொடங்கியிருந்தது. மற்ற பதினோரு பெண்களும் அவரவர் தாளுக்கு முன்னால் நின்றபடி எங்களையே பார்த்தார்கள். வாசலில் முருகன் மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். 

“உட்காரு கௌசல்யா. ஏன்னு சொல்றேன்.”

“வேணா மிஸ். எனக்கு நின்னே பழக்கம்.”

பையை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நான் கிழிந்த தாளைப் பிடித்தபடி கொட்டகைக்குள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நடந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. “மிஸ், ஆரம்பிக்கலாமா?” என்று யாரோ கேட்டார்கள்.

ஒரு கரும்பலகை

இந்தப் பக்கத்தை இந்த வாரம்தான் முதன்முதலாகத் திறக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். நாற்பத்தைந்து வயதாகிறது. சும்மா உட்காரத் தெரியாது. பள்ளி ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலி எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

முருகன் மாஸ்டர் மாதனூர்க்காரர். டிராக்டர் மெக்கானிக். முப்பது வருடத்துக்கு மேலாகக் கபடி டீம் நடத்துகிறார். முதலில் ஆண்கள் டீம், பிறகு பெண்கள் டீம். பன்னிரண்டு பெண்களில் ஏழு பேர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். மூன்று பேர் காலேஜ். ஒருத்தி துணிக்கடையில் நிற்கிறாள். ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை. ஆட்டம் எல்லாம் மாஸ்டர்தான் சொல்லிக்கொடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பள்ளிக்கே வந்து என்னைக் கேட்டார்.

“டீச்சர், எங்க பொண்ணுங்க நல்லா ஆடுதுங்க. ஆனா வெளியூர் டீமு ஒரு தள்ளு தள்ளுனா விழுந்துடுதுங்க. பலம் பத்தல. நீங்க படிச்சிருக்கீங்க, அத மட்டும் பாத்துக்குங்க.”

வேலூரில் மூடிவிட்ட ஒரு ஜிம்மிலிருந்து பாரும் பிளேட்டுகளும் வந்தன. நாங்கள் பயிற்சி செய்யும் கொட்டகை ஒரு காலத்தில் தோல் மண்டி. மழை பெய்தால் தரையிலிருந்து உப்பும் தோலும் கலந்த பழைய நாற்றம் எழும். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் மூக்கைப் பொத்துவார்கள்.

முதல் மூன்று மாதம் ஒரே கரும்பலகை. அதில் என்ன எழுதுகிறேனோ அதைப் பன்னிரண்டு பேரும் செய்ய வேண்டும். தரையில் கிடக்கும் பாரை இரண்டு கையாலும் பிடித்து இடுப்பு நிமிரத் தூக்குவது அறுபது கிலோ என்றால் எல்லோருக்கும் அறுபது. உட்கார்ந்து எழுவது நாற்பது என்றால் எல்லோருக்கும் நாற்பது. வேலை சுலபம். பார்க்கவும் அழகாக இருக்கும்.

ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிந்தது. ஷபானா ஆம்பூர் டவுன் பெண். பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருடம். அறுபதை ஏதோ காய்கறிப் பையைத் தூக்குவது போலத் தூக்கிவிட்டு, அடுத்தவள் முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து கொட்டாவி விடுவாள். கௌசல்யாவுக்கு இருபத்து நாலு. டீமின் கேப்டன். இடது மூலையில் நின்று, பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்கிற கார்னர். அவள் பிடித்தால் விடமாட்டாள் என்று திருப்பத்தூர் வரைக்கும் பேச்சு. அந்தக் கௌசல்யாவின் கையிலிருந்து ஒரு சாயங்காலம் பார் தானாக நழுவி விழுந்தது. கால் பெருவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி.

“இன்னா ஆச்சு?”

“வேர்வ மிஸ்.”

கையைப் பார்த்தேன். வேர்வை இல்லை. விரல் நுனிகளில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் காய்ந்து மஞ்சளாகப் படை கட்டியிருந்தது. விரல்கள் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டிருந்தன.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

சோளிங்கர் படிகள்

இந்த இடத்தில் என் முழங்காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பது வயதில் நானும் கபடி ஆடிக்கொண்டிருந்தேன். விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் கோச் ஒவ்வொரு மாதமும் எங்களைச் சோளிங்கர் மலைக்குக் கூட்டிப் போவார். ஆயிரத்துக்கு மேல் படி. பக்தர்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டு ஏற, நாங்கள் விசில் சத்தத்துக்கு ஓடுவோம். மூன்று முறை மேலே, மூன்று முறை கீழே. முடித்தவர்களுக்குத்தான் இட்லிப் பொட்டலம். அதையும் குரங்கு பிடுங்காமல் இருக்க வேண்டும்.

எனக்கு முழங்காலில் இரண்டு வாரமாக ஒரு குத்தல். சொன்னேன்.

“எல்லாரும் ஓடறாங்க இல்ல? உனக்கு மட்டும் இன்னா?” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்காகத் தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டவர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஓடினேன். மூன்றாம் முறை இறங்கும்போது, தயிர்சாதத் தூக்கோடு வந்த ஒரு குடும்பத்துக்கு ஒதுங்கி வழிவிட்டுக் காலை வைத்தேன். வெண்டைக்காயை ஒடிப்பது போல உள்ளே ஒரு சத்தம். என்னை இரண்டு பேர் தோளில் தாங்கிக் கீழே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்த ஆட்டக் கோட்டுக்குள்ளும் கால் வைக்கவில்லை. சர்ச்சில் எல்லோரும் முழங்கால் போடும்போது நான் பெஞ்சில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வேன்.

கரும்பலகையில் ஒரே எண்ணைப் பன்னிரண்டு பேருக்கும் எழுதியவள் நான். சோளிங்கர் படியில் விசில் ஊதியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பார் விழுந்த நாளிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடுக்கியும் ஈரத்துண்டும்

எல்லோரிடமும் ஒரு நோட்டைக் கொடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து பயிற்சிக்கு வரும்வரை உடம்பு என்னென்ன செய்கிறது என்று எழுதச் சொன்னேன். பக்கம் பக்கமாக எழுதினார்கள். துணிக்கடைப் பெண் எத்தனை முறை மாடி ஏறுகிறாள் என்றுகூட எழுதியிருந்தாள். கௌசல்யாவின் நோட்டில் ஒரே வார்த்தை: ‘வேலை.’

நோட்டுகளைப் படித்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அதாவது தாள் கிழிபட்டதற்கு ஒரு வாரம் முன்னால், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாதனூருக்குப் போனேன். கௌசல்யா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா ராணியும் அவள் போகிற அதே ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறவர், வேறு செக்‌ஷனில்.

“அவ லாஸ்டிங்ல இருக்கறா மிஸ். அச்சு மேல தோல இழுத்து மாட்றது. முன்பக்கத்த மிஷின் இழுத்துக்கும். பக்கமும் குதியும் இவதான் குறடு போட்டு இழுக்கணும். நின்னுக்கினே.”

எனக்குப் புரிகிற மாதிரி இருந்தது, ஆனால் புரியவில்லை. ராணியம்மா சமையலறைக்குள் போய் ஒரு சொம்பு, ஒரு ஈரத்துண்டு, பாத்திரம் இறக்குகிற இடுக்கி மூன்றையும் கொண்டுவந்தார். சொம்பைக் கவிழ்த்து, துண்டை அதன் மேல் போட்டு, துண்டின் ஓரத்தை இடுக்கியால் கவ்வி, சுருக்கம் போகும்வரை கீழே இழுத்துக் காட்டினார்.

“இந்தாங்க, நீங்க இழுங்க. சுருக்கம் இருந்தா செக்கிங்ல திருப்பி அனுப்பிடுவாங்க.”

இழுத்தேன். பத்து முறை வரைக்கும் விளையாட்டாக இருந்தது. இருபதில் முன்கை காந்தியது. முப்பதில் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

“சாயந்தரம் வரைக்கும் இதான்,” என்றார். பிறகு ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னார்: “இப்பல்லாம் வூட்ல சோத்த கையால பெசைய மாட்டேன்றா. ஸ்பூன் வச்சிக்கினுதான் துன்றா. டவுன் பொண்ணுங்களப் பாத்து ஸ்டைல் பண்றான்னு நெனச்சி திட்டுவேன்.”

நான் எழுந்துவிட்டேன். கௌசல்யா வரும்வரை இருங்கள், காப்பி குடியுங்கள் என்றார். இருக்க முடியவில்லை.

நாள் முழுக்கக் கையால் பிடித்து இழுத்துவிட்டு வருகிறவளுக்கு, மாலையில் மறுபடியும் அறுபது கிலோவைக் கையால் பிடித்து இழுக்கச் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே தேய்ந்த கயிற்றை இன்னும் தேய்த்திருக்கிறேன். அவளுக்கு வேண்டியது காலுக்கும் இடுப்புக்கும் பலம், தோளைப் பின்னால் இழுக்கிற பயிற்சி, கைக்கு ஓய்வு. ஷபானாவுக்கு நேர் எதிர். நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து வருகிற உடம்பு அது; எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். குழந்தை பெற்று வந்தவளுக்கு வயிற்றுத் தசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துணிக்கடைப் பெண்ணுக்குக் கெண்டைக்காலை விட்டுவிட வேண்டும்.

ஒரு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டு தாள் எழுதினேன். உட்கார்ந்தே எழுதினேன் என்பதை என் கணவர் இன்னமும் நம்பவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டையும் வரிசையாகச் சுவரில் ஒட்டினேன். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் ஒட்டினேன். அதுதான் என் புத்தி.

மறுநாள் காலை நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஒரே பானை

அன்றைக்குப் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு முருகன் மாஸ்டர் பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசினார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. பன்னண்டு பேரு ஒரு டீமா இருந்தாங்க. நீங்க பன்னண்டு டீம் ஆக்கிட்டீங்க.”

“மாஸ்டர், ஒவ்வொரு உடம்பும் வேற. கௌசல்யா கை போய்டும்.”

“இருக்கலாம். நீங்க படிச்சவங்க. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நான் மொதல்ல டீம் ஆரம்பிச்சப்ப, ஊருப் பசங்களும் காலனிப் பசங்களும் ஒண்ணா ஆட வந்தாங்க. ஆட்டத்துல கட்டிப் புடிச்சி உருளுவாங்க. தண்ணி குடிக்கற நேரம் வந்தா, சில பேரு தனியா சொம்பு கொண்டாருவான். நான் அந்தச் சொம்ப எல்லாம் எடுத்து பாலாத்துல வீசிட்டேன். ஒரே பானை, ஒரே கிளாஸ், ஒரே சோறு, ஒரே எக்சசைஸ். இஷ்டம் இருந்தா ஆடு, இல்லன்னா போ. நாலு பேரு போய்ட்டான். மீதிப்பேரு இருந்தான். அப்பலேர்ந்து ‘தனித்தனி’ன்ற வார்த்தையே எனக்கு ஆவாது.”

 அதுவரை அவரைப் பழைய காலத்து ஆள், புதிதாக எதையும் ஏற்கமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய ‘ஒரே’ எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஷபானா அனுப்பிய போட்டோ

கௌசல்யா வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. மாவட்ட அணிக்கான செலக்‌ஷனுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை கடைசிப் பட்டியல் வரைக்கும் போய்த் திரும்பியவள் அவள். மாநிலப் போட்டியில் ஆடிய சர்டிஃபிகேட் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம். இன்னும் ஓரிரு வருடத்தில் அதற்கான வயது வரம்பும் தாண்டிவிடும்.

பள்ளியில் விசில் ஊதும்போதுகூட அவள் ஞாபகம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தை ஆறு சுற்று ஓடவிட்டுவிட்டு நிறுத்த மறந்துவிட்டேன். ஒரு நாள் காலை மாதனூர் ரோட்டில் போய் நின்றேன். கம்பெனி பஸ் வந்தது, பெண்கள் ஏறினார்கள். சாப்பாட்டுக் கூடைகளுக்கு நடுவில் கௌசல்யாவின் பின்னல் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. பஸ் போன பிறகு, எதற்கு வந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு, ஷபானா தன் பயிற்சியை முடித்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மிஸ், திட்ட மாட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்லு.”

“கௌசிக்கா என் பேப்பரக் கேட்டாங்க. போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். அவங்க வூட்டாண்ட மண்ணு மூட்ட வச்சி என் ஷெட்யூல் பண்றாங்களாம். நேத்து போன் பண்ணேன். பேசும்போதே போன் கீழ விழுந்துடிச்சி மிஸ். கை புடிக்கலன்னு சிரிச்சாங்க. எனக்குப் பேஜாரா ஆயிடிச்சி.”

நான் ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டுக்குப் பின்னால்

வேப்பமரத்து நிழலில் இரண்டு யூரியா மூட்டைகள் பாலாற்று மணலோடு கிடந்தன. ஒன்றின் காதைப் பிடித்துக் கௌசல்யா தூக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீழே போட்டாள். புழுதி எழுந்தது.

“யார் சொன்னது? ஷபானாவா?”

“அவளத் திட்டாதே. ஏன் இப்படிப் பண்ற?”

“நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க?” அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “வூட்ல தம்பிக்கு ஜாஸ்தி, எனக்குக் கம்மி. கம்பெனில ஆம்பளைக்கு ஜாஸ்தி, எனக்குக் கம்மி. கொட்டாய்ல மட்டுந்தான் எல்லாருக்கும் ஒண்ணா இருந்திச்சி. அங்கயும் நீங்க ‘கம்மி’ன்னு எழுதி செவுத்துல ஒட்டிட்டீங்க. பன்னண்டு பேரு பாக்கறா மாதிரி.”

 மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். ஆம், உட்கார்ந்தேன்.

“தப்புதான். ஒட்டனது தப்பு. சொல்லாம ஒட்டனது அதவிடத் தப்பு.”

அவள் எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என் கையப் புடி,” என்றேன்.

“எதுக்கு?”

“புடி. உன்னால எவ்ளோ முடியுமோ, நசுக்கு.”

பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள் என்று பெயர் வாங்கிய கை. என் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை கையைப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.   அவளுக்கே தெரிந்தது. கையை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பது போல.

பிறகு கேட்டாள்: “செலக்‌ஷன்ல தெரிஞ்சிடுமா மிஸ்?”

“இப்படியே போனா தெரியும்.”

“கம்பெனில சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்றதக் கேளு. ஷபானா சாயந்தரம் வந்துதான் வேலய ஆரம்பிக்கறா. நீ வரும்போதே பாதி நாள் வெயிட் தூக்கிட்டு வர்ற. நான் நாப்பதுன்னு எழுதனது அதுக்கு மேல. அத நான் பேப்பர்ல எழுதல. எழுதியிருக்கணும்.”

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முதல் வரியில் எழுதினேன்: ‘லாஸ்டிங். நின்றபடி. குறடு. எட்டு மணி நேரம்.’ அதற்குக் கீழே இரண்டாவதாக, மூன்றாவதாக மற்றதெல்லாம்.

வாங்கிப் படித்தாள்.

“எழுதிட்டா வேல கம்மியாய்டுமா?” என்றாள்.

“ஆகாது.”

“அப்போ இன்னாத்துக்கு?”

“எனக்குத் தெரியணும். மத்தவங்களுக்கும் தெரியணும்.”

அவள் தாளை மடித்துக்கொண்டாள். மறுபடி வருவாளா என்று தெரியாமலேயே நான் வண்டியைக் கிளப்பினேன்.

வட்டமாக

அவள் வந்தாள். வியாழக்கிழமை, கம்பெனி யூனிஃபார்மோடு, யாரையும் பார்க்காமல் வந்து கடைசியில் நின்றாள். கூடவே ஷபானா. அவள்தான் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டிவந்தாள் என்று பிறகு தெரிந்தது. என் தாள் அவளைக் கூட்டிவரவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நடந்ததை முருகன் மாஸ்டரிடம் முழுக்கச் சொல்லியிருந்தேன். அவர் கொட்டகைக்கு நடுவில் ஒரு பாயை விரித்தார்.

“டீச்சர், தனித்தனியா குடுங்க. வேணான்னு சொல்லல. ஆனா எல்லாரும் ஒண்ணா உக்காந்து, யாருக்கு இன்னா, ஏன் அப்படின்னு எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லணும். காரணம் பொதுவா இருந்தா, பேப்பரு வேற வேறயா இருக்கட்டும்.”

பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் ஒரு நாளைச் சொன்னாள். குழந்தை பெற்றவள் தும்மினால் என்ன ஆகிறது என்று வெட்கப்பட்டுச் சொன்னாள். அவளோடு மூன்று வருடம் ஆடியவர்களுக்கு அதுவரை தெரியாது. கௌசல்யாவின் முறை வந்தபோது அவள், “நான் ஸ்பூன்ல சாப்டறேன்,” என்று மட்டும் சொன்னாள். மற்ற ஷூ கம்பெனிப் பெண்கள் ஆறு பேருக்கும் உடனே புரிந்தது. ஒருத்தி தன் கையை நீட்டி, “எனக்கு இந்த வெரலு மடங்காது,” என்றாள். காலேஜ் பெண்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் வேகமாகப் போயிற்று. கௌசல்யாவின் பயிற்சியில் கையால் பிடிக்கிற வேலை அநேகமாக இல்லை. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவாள். பெட்டியின் மேல் ஏறி இறங்குவாள். ரப்பர் பட்டையை இழுப்பதற்கு மணிக்கட்டில் துணியைச் சுற்றிக் கட்டிவிடுவேன். கம்பெனியில் ஆர்டர் அதிகமாகி ஓவர்டைம் விழுந்த வாரத்தில் ஒன்றுமே வேண்டாம், வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்றேன். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பவில்லை.

எனக்குத்தான் பயம். நான் கணக்குப் போட்டது தப்பென்றால்? பலம் ஏறாமல் போனால்? அவள் வாழ்க்கையை வைத்து நான் சோதனை செய்கிறேனோ? மாஸ்டர் முகத்தையே பார்ப்பேன். அவர் கபடிக் கோட்டையே பார்ப்பார்.

வேலூரில்

செலக்‌ஷன் வேலூரில் ஒரு மைதானத்தில். ஒரு வேலை நாள். கௌசல்யா லீவ் போட்டு வந்தாள். நான் நிழலில் நிற்காமல் கோட்டோரமாகவே நடந்துகொண்டிருந்ததால் தேர்வாளர் ஒருவர், “மேடம், கொஞ்சம் ஒரு இடமா நில்லுங்க,” என்றார்.

ஷபானா முதல் ஆட்டத்தில் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தாள். இரண்டாவதில் வேகத்தில் கோட்டைத் தாண்டிவிட்டாள். மூன்றாவதில் பிடிபட்டாள்.

கௌசல்யா முதல் ஆட்டத்தில் ஒரு பிடியும் போடவில்லை. பாடி வருகிறவர்கள் அவள் பக்கமே வரவில்லை. இரண்டாவதில் நெமிலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நல்ல உயரம், கால் நீளம், இடது மூலையைத் தொடக் காலை நீட்டினாள். கௌசல்யா விழுந்து கணுக்காலைப் பிடித்தாள். அந்தப் பெண் உதறினாள். இழுத்தாள். கௌசல்யாவை மண்ணில் ஒரு முழம் இழுத்துக்கொண்டே போனாள். நான் என் கைவிரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன்.

கை விடவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது: பிடித்தது கைதான், நிறுத்தியது இடுப்பு. முழங்காலை ஊன்றி, இடுப்பை இறக்கி, அவளை அங்கேயே நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் வந்து விழுவதற்குள் அந்தப் பெண்ணின் பாட்டு அறுந்தது.

 மாஸ்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாலையில் பட்டியல் படித்தார்கள். கௌசல்யா பெயர் ஒன்பதாவதாக வந்தது. ஷபானா பெயர் வரவில்லை.

ஷபானா அழவில்லை. என்னிடம் நேராக வந்து கேட்டாள்: “என் பேப்பருதானே மிஸ் பெருசு? எல்லாரவிட நான்தானே ஜாஸ்தி தூக்கறேன்?”

 அவளுக்கு எவ்வளவு எடை என்று மட்டும்தான் நான் யோசித்திருந்தேன். அவசரத்தில் கோட்டைத் தாண்டுகிறவளுக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கவில்லை. கௌசல்யாவைப் பற்றியே அலைந்ததில் இவளைப் பார்க்கவில்லை. கௌசல்யா வந்து அவள் தோளில் கை போட்டு அழைத்துப் போனாள். இரண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு போன்

மாநிலப் போட்டிக்கு முன்னால் இரண்டு வாரம் பயிற்சி முகாம், வெளியூரில். கௌசல்யா சம்பளமில்லாத விடுப்பில் போனாள். மூன்றாம் நாள் மதியம், நான் ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

“மிஸ், இங்க எல்லாருக்கும் ஒரே ஷெட்யூல். புல்-அப்ஸே அவ்ளோ இருக்குது. கயிறு ஏறணும். எல்லாம் கைதான்.”

 “நீ இன்னா பண்ணே? பண்ணிட்டியா?”

“இல்ல. கோச் கிட்ட போனேன். சார், நான் லாஸ்டிங்ல வேல செய்றேன், என் கைக்கு வேற எழுதித் தாங்கன்னு கேட்டேன்.”

“எல்லார் முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியுந்தான்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“சிரிச்சாரு. ‘எல்லாரும் பண்றாங்க, உனக்கு மட்டும் இன்னாம்மா’ன்னு கேட்டாரு.”

பத்தொன்பது வயதில் நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற இடம். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதில் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

“நீ இன்னா சொன்னே கௌசல்யா?”

“லாஸ்டிங்னா இன்னான்னு அவருக்குத் தெரியல மிஸ். அம்மா உங்களுக்குக் காட்டுனா மாதிரி, தோச்சி வச்சிருந்த ஈரத்துண்ட எடுத்தாந்து வாலிபால் மேல போட்டு, இழுங்க சார்னு குடுத்துட்டேன்.”

“இழுத்தாரா?”

“பத்து தபா இழுத்துட்டு, நாளைக்குப் பாக்கலாம்னு போய்ட்டாரு.”

“எழுதித் தரலன்னா?”

“நாளைக்கும் கேப்பேன்,” என்றாள். பின்னால் விசில் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.